“நான் பெத்த பிள்ளை தேசத்துரோகியா?” – ஒரு தாயின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 46 வயது. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் பஸ் கண்டக்டர். ஒரே மகன், 20 வயது, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நன்றாகப் படம் வரைவான். ஆகஸ்ட் 14 இரவு ஒரு படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். பாதாளச் சாக்கடைக் குழியிலிருந்து ஒரு தொழிலாளி மேலே ஏறி வருகிறார். தலைமுடியிலிருந்து கறுப்பாக வழிகிறது. கையிலிருக்கும் மூவர்ணத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கீழே ‘எங்களுக்கு எப்போது?’ என்று இரண்டே சொற்கள்.

மறுநாள் கல்லூரியில் கொடியேற்றம். தேசிய கீதம் பாடும்போது எல்லோரோடும் அவனும் எழுந்து நின்றான். ஆனால் பாடவில்லை. யாரோ அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். படமும் வீடியோவும் சேர்ந்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற, சாயங்காலத்துக்குள் ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். எஸ்.ஐ. போனில் கூப்பிட்டு, “பையனையும் அவன் போனையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க” என்றாராம். கல்லூரி 15 நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறது. ‘தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் அவமதித்தேன், மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது.

கணவர், “எழுதிக் கொடுத்துட்டு வந்து படிக்கிற வழியைப் பாரு” என்கிறார். பதிவை உடனே அழிக்க வேண்டும், படம் வரைந்த நோட்டையும் கொளுத்த வேண்டும் என்று நிற்கிறார். மகனோ, “கருத்துச் சுதந்திரம் இருக்கு. அமெரிக்காவுல கொடியவே எரிக்கலாம். யாரும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறான். நடுவில் மாட்டிக்கொண்ட தாய் கேட்கிறார்: இது குற்றமா? ஜெயிலுக்குப் போக வேண்டுமா? டி.என்.பி.எஸ்.சி. எழுதும் கனவு அவ்வளவுதானா? “நான் பெத்த பிள்ளை தேசத்துரோகியா மேடம்?”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் எந்தச் சட்டப்படியும் தேசத்துரோகி இல்லை. ஏன் பாடவில்லை என்று நீங்கள் கேட்டபோது, “வாய் வரலம்மா” என்றானாம். அவனோடு படிக்கும் பையனின் அப்பா போன மே மாதம் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்துபோனதையும் அதே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த வரிதான் உங்கள் மகனைக் காக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குற்றம் இல்லை என்பதால் தொந்தரவே வராது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் கடைசியில் தண்டனை கிடைப்பதைவிட, அந்தக் கடைசி வருவதற்குள் அலைய வைப்பதுதான் அதிகம். அதனால் உங்கள் பயத்தையும் அவனுடைய தைரியத்தையும் இரண்டையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

பாடாமல் நின்றது குற்றமா?

தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1971-ல் வந்தது. தேசிய கீதம் பற்றி அதன் 3-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதோ, பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இடையூறு செய்வதோ குற்றம். 3 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாடாமல் இருப்பது குற்றம் என்று அதில் ஒரு சொல் கிடையாது. கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. உங்கள் மகன் எழுந்துதான் நின்றிருக்கிறான்.

ஏறக்குறைய இதே நிலைமை 40 ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் வந்தது. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பள்ளியில் தினமும் கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறு எதையும் பாடி வணங்க மதம் அனுமதிக்கவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைச் சபையில் எழுப்ப, விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று விசாரணையே சொன்னது. அப்படியும் 1985 ஜூலையில் பள்ளி அவர்களை வெளியேற்றியது. கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதைச் சொல்வோம். 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு வந்தது. கீதம் பாடியே ஆக வேண்டும் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக எழுந்து நின்று மௌனமாக இருப்பது அவமதிப்பு ஆகாது, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் மத நம்பிக்கையின் பேரில் பாடவில்லை. நீதிமன்றம் பேச்சுரிமையோடு மத உரிமையையும் சேர்த்தே தூக்கிப் பிடித்தது. உங்கள் மகன் துக்கத்தில் பாடவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த வித்தியாசத்தைப் பிடித்து வாதாடலாம். ஆனால் ‘பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை’ என்ற பகுதிக்கு மதம் தேவையில்லை. அது எல்லோருக்கும் பொது.

2016 நவம்பரில் திரையரங்குகளில் கீதம் போட வேண்டும், எல்லோரும் எழ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், சென்னையிலேயே எழாதவர்கள்மேல் வழக்குப் பதிவானதும் உங்களுக்கு நினைவிருக்கும். ‘பாடாட்டி கேஸ்’ என்ற எண்ணம் ஊரில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2018 ஜனவரி 9 அன்று அதே நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றி, திரையரங்கில் கீதம் போடுவது கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

அந்தப் படம் குற்றமா?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மகன் நினைப்பதுபோல இது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை.

1971 சட்டத்தின் 2-வது பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ தேசியக் கொடியையோ அரசமைப்புச் சட்டத்தையோ எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சொல்லாலோ எழுத்தாலோ செயலாலோ அவமதிப்பது குற்றம் என்கிறது. கொடி என்றால் கம்பத்தில் பறக்கும் துணி மட்டும் இல்லை. படம், ஓவியம், போட்டோ எல்லாமே கொடிதான் என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. அப்புறம், எவையெல்லாம் அவமரியாதை என்று ஒரு பட்டியலும் பின்னாளில் சேர்ந்தது. இடுப்புக்குக் கீழே அணிவது, கைக்குட்டையிலும் தலையணையிலும் அச்சடிப்பது, வேண்டுமென்றே தரையில் படவிடுவது, கொடியின் மேல் எழுதுவது இப்படி. புகார் கொடுத்தவர் இந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்திருப்பார். ‘கொடியால் முகம் துடைக்கிறான் பார்’ என்பார்.

ஆனால் கொடியால் முகம் துடைப்பது வேறு, முகம் துடைக்கிற ஒருவரை வரைவது வேறு. வரைந்தவனின் நோக்கம் என்ன என்றுதான் நீதிமன்றம் கேட்கும். நம் சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோயம்புத்தூரில் ஒரு விழா. மூவர்ணத்தில், நடுவில் அசோகச் சக்கரம் வைத்து, இந்திய வரைபடம்போலப் பெரிய கேக் செய்து வெட்டினார்கள். கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் கலந்துகொண்ட விழா அது. கொடியைக் கத்தியால் வெட்டிவிட்டார்கள் என்று புகார் போய் வழக்கானது. 2021 மார்ச்சில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்து செய்தார். அந்த விழாவிலிருந்து கிளம்பிப் போனவர்கள் மனதில் நாட்டைப் பற்றி என்ன உணர்வு இருந்திருக்கும், பெருமிதமா அவமதிப்பா என்ற கேள்வியை அவர் முன்வைத்தார். நாட்டுப்பற்றை வெளிச்செயலை வைத்து எடை போட முடியாது, செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்தான் உரைகல் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் மகனின் படத்துக்கு இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குக் கொடிமேல் வெறுப்பா வருகிறது? அந்த மனிதருக்கு அந்தத் துணியைத் தவிர வேறு ஆறுதல் இல்லையே என்றல்லவா வருகிறது? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்குத் தடை போட்டு 2013-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. சாக்கடையில் இறந்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தப் பையன் பென்சிலால் கேட்டிருக்கிறான். ‘வாய் வரலம்மா’ என்ற வரியை ஏன் இரண்டு முறை படித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். அவன் நோக்கம் என்ன என்பதற்கு அதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

கார்ட்டூனுக்காகச் சிறை போன கதையும் இருக்கிறது. 2012-ல் மும்பையில் கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதி தேசியச் சின்னத்தில் சிங்கத்துக்குப் பதில் ஓநாய்களை வரைந்தார் என்று தேசத்துரோக வழக்கில் கைதானார். பிறகு அரசே அந்தப் பிரிவைக் கைவிட்டது. 2015-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட படங்களுக்காகப் பேச்சுரிமையில் கை வைக்க முடியாது என்று சொன்னதோடு, போலீஸ் எப்போது அந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று வரம்பும் கட்டியது. கடைசியில் நியாயம் கிடைத்தது. நடுவில் ஜெயில் வாசலையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்தே மகனிடம் சொல்லுங்கள்.

தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்

தம்பி, அமெரிக்காவைப் பற்றி நீ சொன்னது சரி. கொடியை எரிப்பதும் பேச்சுரிமைதான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்பளித்தது. ஆனால் உன்னை விசாரிக்கப் போவது அந்த நீதிமன்றம் இல்லை. நம் அரசமைப்பின் 19-வது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்த கையோடு, எந்தெந்தக் காரணங்களுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் பட்டியல் போட்டிருக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று அது போகிறது. இறையாண்மையும் ஒருமைப்பாடும் அந்தப் பட்டியலில் 1963-ல்தான் சேர்ந்தன. திராவிட நாடு கோரிக்கை டெல்லியை உறுத்திய காலம் அது.

கொடியையும் அரசமைப்பையும் காக்கத் தனிச் சட்டம் போடுவதிலும் தமிழ்நாடுதான் முந்திக்கொண்டது. சாதியைக் காக்கும் பகுதிகள் இருக்கின்றன என்று சொல்லி, 1957 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டத்தை எரிக்கப் பெரியார் அழைப்பு விடுத்தார். அந்த நாள் வருவதற்குள் சென்னை மாநில அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 3 ஆண்டுவரை சிறை என்று. மத்திய அரசின் சட்டம் வருவதற்கு 14 ஆண்டு முன்பு. அப்படியும் ஆயிரக்கணக்கானோர் எரித்துவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். 1963-ல் அரசமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காக அண்ணாவுக்கு 6 மாதச் சிறை. 1986-ல் அதே பகுதியை எரித்ததற்காக க. அன்பழகன் உள்ளிட்ட 10 பேர் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழந்தார்கள். அவர்களில் யாரும் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று நினைத்து இறங்கவில்லை. விலை இன்னது என்று தெரிந்து கொடுத்தார்கள். நீ செய்தது அதுவல்ல. நீ எதையும் எரிக்கவில்லை, எரிக்க நினைக்கவும் இல்லை. அப்படியிருக்க, ஸ்டேஷனில் போய் “எரிச்சாலும் தப்பில்ல” என்று வாதம் பண்ணி, இல்லாத நோக்கத்தை நீயே உன் தலையில் கட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று. நீ மட்டுமல்ல, நாம் எல்லோருமே யோசிக்க வேண்டியது. 2018-ல் ஒரு மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு மடாதிபதி எழுந்து நிற்கவில்லை என்று பெரிய கொந்தளிப்பு வந்தது. அதையொட்டிய வழக்கில், எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. சில நாளிலேயே தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை போட்டது. தேசிய கீதத்துக்கு மௌனமாக நின்ற உன் உரிமைக்காக வாதாடுகிற நான், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர்மேல் ஆள் ஏவக் கூடாது. எனக்கு அந்தப் பாட்டு கேட்டால் இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அது என் விஷயம்.

தேசத்துரோகச் சட்டம் போய்விட்டது என்கிறார்களே?

உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தேசத்துரோகத்துக்கான பழைய 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 அன்று அது இந்திய தண்டனைச் சட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவு, சொல் மாறினாலும் பலம் குறையாதது. ஆயுள் தண்டனைவரை போகும். பிரிவினையையோ ஆயுதக் கலகத்தையோ தெரிந்தே தூண்டுவது, நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து உண்டாக்குவது இவற்றுக்கான பிரிவு அது. சாக்கடைத் தொழிலாளியின் படத்துக்கு அதைப் போட எந்த முகாந்திரமும் இல்லை. அப்படியே போட்டாலும் நீதிமன்றத்தில் நிற்காது என்பது என் கருத்து.

மன்னிப்புக் கடிதம்: இதைத்தான் உடனே கவனிக்க வேண்டும்

சகோதரி, கல்லூரி கேட்கிற அந்தக் கடிதத்தில் உங்கள் மகன் கையெழுத்துப் போடக் கூடாது. உங்கள் கணவருக்கு இதைப் பொறுமையாகப் புரிய வையுங்கள். அவர் கோழை இல்லை, பிள்ளையின் படிப்பு நினைத்துப் பயப்படுகிற அப்பா. ஆனால் அவர் காட்டும் வழி ஆபத்தானது.

போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் ‘நான்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டாலும் அதை வைத்து நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் கல்லூரி முதல்வர் போலீஸ் இல்லை. அவருக்குத் தன் கைப்பட ‘அவமதித்தேன்’ என்று எழுதிக் கொடுத்தால், அது அரசுத் தரப்பு ஆவணமாகக் கோர்ட்டுக்கு வரும். என்னிடம் வந்த ஒரு வழக்கில் இதுதான் நடந்தது. நாலு வரிக் கடிதம். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியது. பையன் என்ன வரைந்தான், எதற்காக என்பதைவிட அந்த நாலு வரியை உடைக்கத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது.

அதற்காக விறைப்பாக நிற்கவும் வேண்டாம். இப்படி எழுதலாம்: ‘நான் வரைந்த படம் துப்புரவுத் தொழிலாளர்களின் துயரத்தைப் பற்றியது. தேசியக் கொடியையோ தேசிய கீதத்தையோ அவமதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றேன். என் படம் யாருக்காவது மனவருத்தம் தந்திருந்தால் அதற்காக வருந்துகிறேன்.’ இதில் வருத்தம் இருக்கிறது, ஒப்புதல் இல்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கல்லூரி அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சஸ்பெண்ட் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். என்ன குற்றச்சாட்டு, எந்த விதி என்று அதில் இருக்க வேண்டும். பையன் தரப்பைக் கேட்காமல் தண்டனை கொடுக்க முடியாது. நிரந்தரமாக வெளியேற்றினால் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு கையில் இருக்கும்போது அது வலுவான மனு.

காவல் நிலையம்

போனில் கூப்பிட்டதற்காக அலறி அடித்துக்கொண்டு ஓட வேண்டாம், ஓடி ஒளியவும் வேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞரை வைத்து, புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டுவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்.

எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை என்றால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-ன்படி, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் இந்த விசாரணையைச் செய்துவிட்டு முடிவெடுப்பதே முறை என்றது. சொன்ன சொல்லை, எதற்கெடுத்தாலும் ஆபத்து என்று பதறுகிறவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, உறுதியான மனமுள்ள சாதாரண மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பை இணைத்து டி.எஸ்.பி.க்கு ஒரு மனு கொடுக்கட்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், 1971 சட்டக் குற்றம் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் கையில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாது என்று 2025-ல் மறுபடி தெளிவாக்கியது. நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரோடு போகட்டும். கைது செய்வார்கள் என்ற அறிகுறி தெரிந்தால் செஷன்ஸ் கோர்ட்டிலோ மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்கலாம்.

போனைக் கேட்டால் சும்மா எடுத்து நீட்ட வேண்டாம். பறிமுதல் செய்வதாக இருந்தால் மகஜர் (பறிமுதல் பட்டியல்) எழுதி நகல் தர வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை கிடைக்கும். மகன் விஷயத்தையும் அங்கேயே சொல்லுங்கள், வழி சொல்வார்கள்.

ஊர்க் குழுவில் யாராவது ‘கையை உடைப்போம்’, ‘வீட்டுக்கு வருவோம்’ என்று எழுதியிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியும் எண்ணும் தெரியும்படி வைத்து, நீங்களும் புகார் கொடுங்கள். மிரட்டுவது கட்டாயம் குற்றம். பாடாமல் நிற்பதைப் பற்றி யாராவது வாதாடலாம், இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

அரசு வேலை என்ன ஆகும்?

புகார் வந்ததாலோ எஃப்.ஐ.ஆர். போட்டதாலோ மட்டும் தேர்வு எழுதும் தகுதி போய்விடாது. வேலை கிடைத்தபின் நன்னடத்தை விசாரணையில் வழக்கு இருந்தால் கேட்பார்கள். அங்கே பலர் செய்கிற தவறு, மறைப்பது. வழக்கு எவ்வளவு சின்னது, எப்படி முடிந்தது என்பதையெல்லாம் அதிகாரிகள் எடைபோட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்திருக்கிறது. மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கக் காரணமாகிவிடலாம். அதனால் விண்ணப்பத்தில் கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.

கடைசியாக அந்த நோட்டு. நீங்கள் அதை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். விசாரணை வரும் என்று தெரிந்த பிறகு ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். பதிவை எல்லோர் கண்ணிலும் படாமல் ஆர்க்கைவ் செய்து வைக்கலாம், அழிக்க வேண்டாம். நோட்டையோ தொடவே வேண்டாம். அந்தப் படத்துக்கு முன் பக்கங்களில் இதே தொழிலாளியை நாலைந்து தடவை வரைந்து வரைந்து அழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றில் கையில் துணியே இல்லை, ஒன்றில் வெறும் அழுக்குத் துண்டு, ஓரத்தில் நண்பனின் அப்பா பெயர், அவர் இறந்த தேதி. அவன் என்ன நினைத்து வரைந்தான் என்பதற்கு நாளை நீதிபதி முன்னால் வைக்க அந்தப் பக்கங்களைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.